ஆதித் திருச்சபை எழுத்துக்களை இங்கிலீஷில வாசிக்க எந்தப் பதிப்பை நம்பலாம்?

தங்கச்சி, உங்கட கேள்வியை ஆறுதலா இருந்து வாசிச்சன். வெள்ளவத்தையில ரெண்டு மூண்டு சேர்ச் பிள்ளைகள், கத்தோலிக்கரும் மெதடிஸ்ட்காரருமா, ஒண்டாச் சேர்ந்து இஞ்ஞாசியார், இரனேயு எண்ட 2ஆம் நூற்றாண்டு ஆயர்மார், டிடாக்கே எண்ட பழைய சபை ஒழுங்குக் கைநூல் எண்டு ஆரம்பகாலக் கிறிஸ்தவ எழுத்துக்களை வாசிக்கப் போறீங்கள், தமிழில முழுசாக் கிடைக்கேல்ல எண்டு நெட்டில இங்கிலீஷில தேடினா ஒரே கடிதம் ஒரு இடத்தில சின்னதாவும் இன்னொரு இடத்தில நல்லா நீளமாவும் கிடக்கு, எதை நம்பிறது எண்டு தெரியேல்ல, அதோட குழுவில இருக்கிற அங்கிள் ஒருத்தர் வட்ஸ்அப்பில அனுப்பின 'பைபிளின் தொலைந்த புத்தகங்கள்' பிடிஎஃப்-ஐ பாவிக்கலாமோ எண்டும், டிரான்ஸ்லேட் செய்த ஆக்களின்ர சபைப் பக்கச்சார்பு உள்ள வந்திருக்குமோ எண்டும் கேட்டிருந்தீங்கள். இதைக் கேக்காமலே வாசிக்கத் தொடங்கி, பிறகு ஆளுக்கொரு பிரிண்ட் அவுட்டோட வந்து சண்டைபிடிச்ச குழுக்களை எனக்குத் தெரியும், அதால நீங்கள் முதலே கேட்டது உண்மையிலயே சந்தோஷம்.

அவசரத்துக்கு ஒரு பேர் வேணும் எண்டா, மைக்கேல் ஹோம்ஸ் செய்த 'தி அப்போஸ்தலிக் ஃபாதர்ஸ்', பேக்கர் அகடமிக் போட்டது, 3ஆம் பதிப்பு, 2007. ஒரு பக்கம் கிரேக்கம் எதிர்ப்பக்கம் இங்கிலீஷ், ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால ஆர் எழுதினது, எப்ப எழுதினது, எந்தக் கையெழுத்துப் பிரதியில மிஞ்சிக் கிடக்கு எண்டு ஒரு சின்ன முன்னுரை இருக்கும். உரோமைக் கிளமெந்து, இஞ்ஞாசியார், போலிக்கார்ப்பு, டிடாக்கே, பர்னபா கடிதம், ஹெர்மாஸ் எல்லாம் அதுக்குள்ள வந்திடும். அது விலை கூடவா இருந்தா பென்குயின்காரர் போட்ட 'ஏர்லி கிறிஸ்டியன் ரைட்டிங்ஸ்' எண்டு ஒரு சின்னப் புத்தகம், மக்ஸ்வெல் ஸ்டானிஃபோர்த் செய்தது, 1987இல அன்ட்ரூ லவுத் திருத்தினது, ஹெர்மாஸ் அதில இல்ல, ஆனா இளைஞர் குழுவுக்குத் தாராளமாக் காணும், பழைய புத்தகக் கடையில கண்டா விடாமல் வாங்குங்கோ.

ஆனா பேரைச் சொல்லிவிட்டுப் போனா நாளைக்கு இன்னொரு எழுத்து எடுக்கேக்க திரும்பவும் இதே இடத்திலதான் நிப்பீங்கள், அதால கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். நம்பகமான டிரான்ஸ்லேஷன் எண்டா கனபேர் இங்கிலீஷ் நல்லதோ கூடாதோ எண்டுதான் பாக்கினம். பழைய டிரான்ஸ்லேட்டர்மாருக்கு கிரேக்கமும் லத்தீனும் நல்லா வரும், அவையளின்ர இங்கிலீஷ் எங்களுக்குப் பழசாத் தெரியுமே தவிர பெரும்பாலும் பிழை இல்ல. அந்த இங்கிலீஷுக்கு அடியில எந்த மூலப்பிரதி கிடக்கு எண்டதிலதான் சிக்கலே வாறது.

முதல்ல நெட்டில ஃப்ரீயாக் கிடைக்கிறது என்னெண்டு பாருங்கோ. கிட்டத்தட்ட எல்லாமே ஒரே குடும்பம். 1867இல இருந்து எடின்பரோவில டி அண்ட் டி கிளார்க் எண்ட பதிப்பகம் அலெக்ஸாண்டர் ரொபர்ட்ஸ், ஜேம்ஸ் டொனால்ட்சன் எண்ட ரெண்டு பேரை வைச்சு 24 வொல்யூமில ஒரு தொகுப்புப் போட்டது. அதை 1885இல இருந்து அமெரிக்காவில கிளீவ்லண்ட் கொக்ஸ் எண்ட எப்பிஸ்கோப்பல் பிஷப் வரிசை மாத்தி, தன்ர குறிப்புகளையும் சேர்த்து வெளியிட்டார், அதைத்தான் 'ஆன்டி நைசீன் ஃபாதர்ஸ்' எண்டு சொல்லுவினம், 325இல நடந்த நைசியா சங்கத்துக்கு முந்தின பிதாக்கள் எண்டு அர்த்தம், எதிரானவை எண்டு இல்ல. அதுக்குப் பின்னால பிலிப் ஷாஃப் தொடக்கின 28 வொல்யூம், அகுஸ்தீனார், கிறிசோஸ்தோம், யூசேபியு, அத்தனாசியார் எண்டு போகும். நியூ அட்வென்ட் எண்ட கத்தோலிக்க சைட்டில இருக்கிறதும் இதுதான், சிசிஇஎல் எண்ட கிறிஸ்தவ நூல் சைட்டில இருக்கிறதும் இதுதான், ஃபோன் ஆப்புகளில வாறதும் பெரும்பாலும் இதுதான். நாலு சைட்டில ஒரே மாதிரி வசனம் இருக்கெண்டா நாலு சாட்சி எண்டு நினைச்சிடாதேங்கோ, அது ஒரே சாட்சி நாலு இடத்தில நிக்குது.

இனி உங்கட இஞ்ஞாசியார் பிரச்சினை. நீங்கள் பாத்த சின்னதும் நீளமும் ரெண்டும் அந்தத் தொகுப்பில இருந்துதான் வந்திருக்கு, தலைப்பை வடிவாப் பாத்தா 'ஷோட்டர்', 'லோங்கர்' எண்டு போட்டிருக்கும். அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியாரைக் கைதியா ரோமுக்குக் கொண்டுபோகேக்க, 2ஆம் நூற்றாண்டின்ர முற்பகுதியில, அவர் வழியில இருந்து எழுதின கடிதம் ஏழு. 4ஆம் நூற்றாண்டில ஆரோ ஒருத்தர் அந்த ஏழையும் நீட்டி, இன்னும் ஆறு கடிதத்தையும் புதுசாச் சேர்த்து இஞ்ஞாசியார் பேரிலயே உலாவ விட்டிட்டார். வித்தியாசம் ஏதோ ரெண்டு மூண்டு சொல்லு எண்டு நினைக்கவேண்டாம், எபேசியருக்கு எழுதின கடிதம் 7ஆம் அதிகாரத்தை ரெண்டிலயும் எடுத்துப் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. சின்னதில, ஒரே ஒரு வைத்தியர் இருக்கிறார், அவர் உடலும் ஆவியும் கொண்டவர், உண்டாக்கப்பட்டவரும் உண்டாக்கப்படாதவரும், உடலில வந்த கடவுள், மரியாளிட்ட இருந்தும் கடவுளிட்ட இருந்தும் வந்தவர், அவர் எங்கட ஆண்டவர் இயேசு கிறிஸ்து எண்டு நெஞ்சில அடிக்கிற மாதிரி ஒரே மூச்சில வரும். நீளத்தில அந்த ஒரே வைத்தியர் கிறிஸ்து இல்ல, பிறவாதவரும் அணுகமுடியாதவருமான தந்தையாகிய ஒரே மெய்க்கடவுள்தான் எங்கட வைத்தியர் எண்டு தொடங்கி, அதுக்குப் பிறகுதான் இயேசுவும் வைத்தியர் எண்டு ரெண்டாவதா வருவார். இது 4ஆம் நூற்றாண்டில தந்தை மகன் பற்றி நடந்த சண்டையின்ர வாசம். இயேசுவைக் கடவுள் எண்டு ஆரம்பத்தில ஆர் சொன்னது எண்டு உங்கட குழுவில ஆரும் கேட்டு, ஒராள் சின்னதையும் மற்றாள் நீளத்தையும் கையில வைச்சிருந்தா என்ன நடக்கும் எண்டு யோசியுங்கோ. ரெண்டுக்கும் டிரான்ஸ்லேஷன் செய்தது ஒரே ஆக்கள், ரெண்டு இங்கிலீஷும் சரியான இங்கிலீஷ், ஆனா ஒண்டு இஞ்ஞாசியார், மற்றது அவற்ற பேரில வந்த வேற ஆள்.

சின்னதுதான் உண்மை எண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சினம் எண்ட கதை எனக்குச் சரியான விருப்பம். அயர்லாந்தில ஆர்மா பேராயரா இருந்த ஜேம்ஸ் அஷர், 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து ஆயர் ரொபர்ட் குரோஸ்டெஸ்ட் போன்றவை இஞ்ஞாசியாரை மேற்கோள் காட்டிறதை வாசிக்கேக்க, அந்த வசனங்கள் தன்ர காலத்தில அச்சில இருந்த நீளப் பதிப்போட ஒத்துவரேல்ல, ஆனா பழைய பிதாக்கள் காட்டின மேற்கோளோட ஒத்துவருது எண்டு கவனிச்சார். அப்ப இங்கிலாந்துக்குள்ள எங்கயோ நல்ல பிரதி ஒண்டு இருந்திருக்க வேணும் எண்டு தேடி, லத்தீன் கையெழுத்துப் பிரதி ரெண்டைக் கண்டுபிடிச்சு 1644இல வெளியிட்டார். ரெண்டு வருஷத்தில ஐசக் வோசியஸ் புளோரன்சில இருந்த கிரேக்கப் பிரதியை வெளியிட்டார், அஷர் நினைச்சது சரி எண்டு வந்திட்டுது. பிறகு 1845இல வில்லியம் கியூரட்டன் சிரியாக் மொழியில மூண்டே மூண்டு கடிதம், இன்னும் சின்னதா, அதுதான் அசல் எண்டு சொன்னார், அதால விவாதம் திரும்பவும் தொடங்கி, 1873இல தியோடர் ட்சான், 1885இல இங்கிலாந்து ஸ்கொலர் லைட்ஃபுட் எழுதினதுகளோடதான், நீளத்துக்கும் சிரியாக்குக்கும் நடுவில நிக்கிற, நான் சின்னது எண்டு சொன்ன ஏழு கடிதப் பிரதிதான் அசல் எண்டு பெரும்பாலான ஸ்கொலர்மார் ஏற்றுக்கொண்டது. எடின்பரோ தொகுப்பு இது முடியிறதுக்கு முதலே வந்தது, அதனாலதான் அவை எல்லாத்தையும் அப்பிடியே போட்டு வைச்சவை. அது அவையளின்ர நேர்மை. இப்ப வாசிக்கிற நாங்கள் 'லோங்கர்' எண்டதை விட்டிட வேணும், சிரியாக்கையும் விட்டிடலாம். காசு குடுக்காமல் இஞ்ஞாசியார் வேணும் எண்டா லைட்ஃபுட்டின்ர டிரான்ஸ்லேஷன் எண்டு தேடுங்கோ, இல்லாட்டி மூலமும் இங்கிலீஷும் எதிரெதிர்ப் பக்கத்தில வாற லோப் வரிசையில 1912-13இல கிர்சொப் லேக் செய்தது, ரெண்டும் பழசு, ஆனா சரியான பிரதியில நிக்குது. அந்த லோப்புக்குப் பதிலா 2003இல பார்ட் ஏர்மன் புதுசு செய்திருக்கிறார், ஏர்மன் எண்டா எங்கட சில பாஸ்டர்மாருக்குப் பிடியாது, ஆனா அவற்ற மற்றப் புத்தகங்களில என்ன சொல்லியிருந்தாலும் இந்த டிரான்ஸ்லேஷன் நம்பி வாசிக்கக்கூடியது.

இதே காரணத்தால இன்னொரு ஓட்டை. 1870களுக்குப் பிறகு கண்டெடுத்த எதுவும் எடின்பரோ தொகுப்பில இருக்க ஏலாது தானே. டிடாக்கேயை எடுங்கோ, அதை கொன்ஸ்தாந்திநோபிளில பிரியெனியோஸ் எண்ட ஆயர் 1873இல 1056ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதி ஒண்டில கண்டு 1883இலதான் வெளியிட்டார், அதால அமெரிக்கப் பதிப்பில 7ஆம் வொல்யூமில கொண்டுபோய்ச் சேர்த்தவை, முதல் வொல்யூமில தேடிப்போட்டு இல்லை எண்டு சொல்லாதேங்கோ. இரனேயு எழுதின 'அப்போஸ்தலப் போதனையின் விளக்கம்' 1904இல ஆர்மேனிய மொழியில கிடைச்சது, சார்திஸ் நகரத்து மெலித்தோவின்ர பாஸ்கா உரை 1940இலதான் அச்சில வந்தது, ரெண்டும் அமெரிக்கப் பதிப்பு 10, ஷாஃபின்ர 28 எண்ட அந்த 38 வொல்யூமில எங்கயும் இல்ல. இது ரெண்டும் இல்லாமல் 2ஆம் நூற்றாண்டைப் பற்றிக் கதைக்கிறது பெரிய நட்டம், அதுவும் பெரிய வெள்ளிக்கு முன்னால வாசிக்க மெலித்தோவை விட நல்லது எனக்குத் தெரியாது. ஓர்த்தடொக்ஸ்காரரின்ர செயின்ட் விளாடிமிர்ஸ் செமினரி பிரெஸ் 'பொப்யுலர் பட்ரிஸ்டிக்ஸ்' எண்ட வரிசையில ரெண்டையும் போட்டிருக்கு, மெல்லிய புத்தகங்கள், முன்னுரை நல்லது.

இருக்கிறதிலயும் ஒரு விசித்திரம் சொல்லவேணும். அலெக்ஸாந்திரியா கிளமெந்தின்ர ஸ்ட்ரொமாத்தா 3ஆம் புத்தகம் கலியாணம், உடலுறவு பற்றி வெளிப்படையாக் கதைக்கிற பகுதி. ரொபர்ட்ஸும் டொனால்ட்சனும் கனக்க யோசிச்சுப் பாத்திட்டு அந்தப் புத்தகம் முழுசையும் இங்கிலீஷில போடாமல் லத்தீனில போட்டிட்டினம். நெட்டில வாசிச்சுக்கொண்டு போகேக்க திடீரெண்டு லத்தீன் வந்தா சைட் பழுதாப் போச்சு எண்டு நினைக்காதேங்கோ. அதுக்கு 1954இல ஹென்றி சட்விக் தந்த இங்கிலீஷ் இருக்கு, 1991இல ஜோன் ஃபெர்குசன் செய்ததும் இருக்கு.

பக்கச்சார்பு பற்றியும் கேட்டிருந்தீங்கள், கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் கலந்த குழு எண்டபடியா இதைக் கொஞ்சம் கிட்ட நிண்டு பாப்பம். இரனேயுவின்ர 'பேதகங்களுக்கு எதிராக' 3ஆம் புத்தகம், 3ஆம் அதிகாரம், 2ஆம் பிரிவு. ரோம் சபையைப் பற்றின வசனம், கத்தோலிக்க நண்பர்கள் கட்டாயம் எடுப்பினம். கிரேக்க மூலம் அந்த இடத்தில இல்ல, லத்தீன்தான் மிச்சம், எல்லாச் சபையும் ரோம் சபையோட 'ஒத்துப்போக வேணும்' எண்டு எடின்பரோக்காரர் போட்டிட்டு, கீழ ஃபுட்நோட்டில நாங்கள் போட்டது சரியோ எண்டு எங்களுக்கே நிச்சயம் இல்ல, ஆனா இதைவிட நல்லதாக ஒண்டும் தோன்றேல்ல எண்டு வெளிப்படையா எழுதியிருக்கினம். அதுக்குக் கீழயே கொக்ஸ் பிஷப் சதுர அடைப்புக்குள்ள வந்து, இதைவிட மோசமாச் செய்ய ஏலாது எண்டு கோபப்பட்டு, ரோம் சபையிட்ட 'வந்து சேர வேணும்' எண்ட கருத்தில வேற ஒண்டை, அதுவும் ஒரு கத்தோலிக்கர் செய்ததையே, எடுத்துக் காட்டிறார். ஒரே பக்கத்தில மேல டிரான்ஸ்லேட்டர், கீழ பதிப்பாசிரியர், ரெண்டு பேரும் ஒத்துப்போகேல்ல. சிசிஇஎல்-ல அந்தச் சண்டை முழுசா இருக்கு, நியூ அட்வென்ட்டில ஃபுட்நோட் பெரும்பாலும் இல்லாதபடியா அங்க வாசிக்கிற ஆளுக்கு ஏதோ தெளிவான வசனம் மாதிரித் தெரியும். அதால வாக்குவாதம் வரக்கூடிய இடத்துக்கு எப்பவும் ஃபுட்நோட் உள்ள பதிப்பு, சதுர அடைப்புக்குள்ள இருக்கிறது கொக்ஸின்ர சொந்தக் கருத்து, அவர் ரோமுக்கு எதிரான ஆள் எண்டதை மனசில வைச்சு வாசியுங்கோ. கத்தோலிக்கர் பக்கத்தில 1946இல தொடங்கின 'ஏன்ஷியன்ட் கிறிஸ்டியன் ரைட்டர்ஸ்', 1947இல தொடங்கின 'ஃபாதர்ஸ் ஒஃப் த சேர்ச்' எண்டு ரெண்டு பெரிய வரிசை இருக்கு, படிச்ச ஆக்கள் செய்தது, மெதடிஸ்ட் தம்பிமாரும் பயப்படாமல் எடுக்கலாம். எங்கட ஆக்களுக்கு வேதாகமத்தில இது பழக்கமான விஷயம்தானே, 1850இல யாழ்ப்பாணத்தில பேர்சிவல் பாதிரியாரோட ஆறுமுக நாவலர் உழைச்சது ஒரு நடை, பிறகு ஹென்றி பவர் பாதிரியாரின்ர குழு செய்தது ஒரு நடை, 1995 திருவிவிலியம் இன்னொரு நடை, ரெண்டை விரிச்சு வைச்சு ஒத்துப் பாக்க எங்கட வீட்டுப் பெரியாக்களுக்கே தெரியும்.

4ஆம் 5ஆம் நூற்றாண்டுக்குப் போகேக்க கரைச்சல் குறைவு. அகுஸ்தீனாரின்ர 'அறிக்கைகள்' எண்டா ஹென்றி சட்விக் 1991, இல்லாட்டி மரியா போல்டிங் 1997, போல்டிங் செபிக்கிற ஆளுக்கு, சட்விக் படிக்கிற ஆளுக்கு. அத்தனாசியாரின்ர மனுவுருவாதல் ஜோன் பேர் 2011. யூசேபியுவின்ர சபை வரலாறு பென்குயினில வில்லியம்சன், அதையும் லவுத்தான் திருத்தினது, முதல்தரம் வாசிக்க அது காணும்.

இனி அங்கிளின்ர பிடிஎஃப். 'லொஸ்ட் புக்ஸ் ஒஃப் த பைபிள்' எண்டது 1926இல வந்த புத்தகம், அது 1820இல வில்லியம் ஹோன் எண்டவர் போட்டதின்ர மறுபதிப்பு, அதுக்குள்ள இருக்கிற கிளமெந்து, பர்னபா, இஞ்ஞாசியார், ஹெர்மாஸ் எல்லாம் வில்லியம் வேக் 1693இல செய்த டிரான்ஸ்லேஷன். அதாவது டிடாக்கே கிடைக்க முதல், வேதாகமத்தின்ர பெரிய பழைய பிரதிகளில ஒண்டான சினாய்ப் பிரதி ஆராய்ச்சிக்கு வர முதல் செய்தது. தொலைஞ்சதும் இல்ல, ஒளிச்சு வைச்சதும் இல்ல, சபைகள் எப்பவும் வாசிச்சுக்கொண்டு வந்த எழுத்துக்கள்தான் பாதி. அங்கிள் மனம் நோகாமல் சொல்லுங்கோ, ஆனா அதைக் குழுவில வைச்சு வாசிக்கவேண்டாம். உண்மையிலயே மறைஞ்சிருந்து வந்தது தோமாவின் நற்செய்தி, 1945இல எகிப்தில நாக் ஹம்மாதியில கொப்டிக் மொழியில கிடைச்சது, 114 வாக்கு, அந்தப் பிடிஎஃப்-ல அது இருக்க வழியே இல்ல. அதுக்கு மார்வின் மேயர் பதிப்பிச்ச 'நாக் ஹம்மாதி ஸ்கிரிப்சர்ஸ்', 2007. மற்ற மறைவான நற்செய்திகள், திருத்தூதர் பணிகள் எல்லாத்துக்கும் ஜே. கே. எலியட், 1993. இன்னும் ஒண்டு, பர்னபா கடிதம் வேற, பர்னபா நற்செய்தி எண்டு உலாவிறது வேற, முதலாவது பெரும்பாலும் 2ஆம் நூற்றாண்டுத் தொடக்கம், ரெண்டாவது இத்தாலிய, ஸ்பானியப் பிரதிகளில மட்டும் இருக்கிற மிகப் பிந்தின எழுத்து, இந்த ரெண்டையும் குழப்பிக் கதைக்கிறதை கொழும்பில நான் கனதரம் கேட்டிருக்கிறன்.

பிரசங்கத்திலயும் ஸ்டேட்டஸிலயும் வாற மேற்கோள்களுக்கு ஒரே சட்டம், புத்தகம், அதிகாரம், பிரிவு நம்பர் இல்லாட்டி பாவிக்காதேங்கோ. அத்தியாவசியமானதில ஒற்றுமை, மற்றதில சுதந்திரம், எல்லாத்திலயும் அன்பு எண்டு அகுஸ்தீனார் சொன்னார் எண்டுவினம், அழகான வசனம், ஆனா அது 17ஆம் நூற்றாண்டில வந்தது. சாட்ஜிபிடி மாதிரியானதிட்ட கேட்டா இல்லாத மேற்கோளையும் நம்பரோட தரக்கூடும், அதால நம்பரை எடுத்து நீங்களே போய்த் திறந்து பாக்கவேணும். பெரும்பாலான பதிப்புகளில அந்த நம்பர் ஒண்டுதான், இங்கிலீஷ் சொல்லை வைச்சுத் தேடினா அம்பிடாது, நம்பரை வைச்சுத் தேடினா அம்பிடும்.

புத்தகம் வெளிநாட்டில இருந்து எடுப்பிக்கிறது இப்பத்தைய டொலர் விலைக்கு எல்லாருக்கும் ஏலாது, எனக்கு விளங்குது. குழுவுக்கு ஹோம்ஸ் ஒரு கொப்பி, காசு சேர்த்து, அது காணும். மற்றதுக்கு இன்டர்நெட் ஆர்கைவில பழைய லோப் ஸ்கேன் முழுசாக் கிடைக்கும், அக்கவுன்ட் திறந்தா சில புதுப் புத்தகங்களை ஒரு மணித்தியாலத்துக்கு இரவல் எடுக்கலாம். பொறளை அக்குவைனாஸ், பிலிமத்தலாவை இறையியல் கல்லூரி போல இறையியல் படிப்பிக்கிற இடங்களில உங்கட சாமியாரோ பாஸ்டரோ ஒரு கடிதம் தந்து அனுப்பினா லைப்ரரியில இருந்து வாசிக்க விடுவினமோ எண்டு கேட்டுப் பாருங்கோ. ரொஜர் பியர்ஸ் நடத்திற டெர்டுலியன் டொட் ஓர்க் எண்ட சைட்டையும் குறிச்சு வையுங்கோ, பெரிய தொகுப்புகளில இல்லாத கன எழுத்து அங்க இருக்கு, எந்த டிரான்ஸ்லேஷன், எந்த வருஷம் எண்டு ஒழுங்காப் போட்டிருப்பார்.

அங்க போனா அலெக்ஸாந்திரியா வியாபாரி கொஸ்மாஸ் எழுதின 'கிறிஸ்டியன் டொப்பொகிராஃபி'யைக் கட்டாயம் திறவுங்கோ. 6ஆம் நூற்றாண்டு, நீங்கள் கேட்ட காலத்துக்குக் கொஞ்சம் பிந்தினதுதான், ஆனா 11ஆம் புத்தகத்தில எங்கட தீவு வருது, தப்ரபேன் எண்டு, அங்க வந்து குடியிருக்கிற பாரசீகக் கிறிஸ்தவருக்கு ஒரு கோயில் இருக்கு, பாரசீகத்தில இருந்து நியமிச்ச குருவும் ஒரு தியாக்கோனும் இருக்கினம் எண்டு எழுதியிருக்கு. அந்த இங்கிலீஷ் மக்கிரிண்டில் 1897இல செய்தது, கிரேக்கத்தின்ர நல்ல பதிப்பு வின்ஸ்டெட் 1909இலயும், பிறகு பிரெஞ்சில வொல்ஸ்கா கொனு 1968க்குப் பிறகும்தான் வந்தது, அதால இதுவும் பழைய மூலத்தில நிக்கிற டிரான்ஸ்லேஷன் எண்டு தெரிஞ்சுகொண்டு வாசியுங்கோ. அனுராதபுரத்தில கல்லில செதுக்கின சிலுவை 1912இலதான் கிடைச்சது, மக்கிரிண்டிலின்ர குறிப்பில அது இராது, அதை நீங்கள்தான் பக்கத்தில எழுதி வைக்கவேணும்.